பாட்டிலில் போட்டிருக்கும் 37-ஐ அப்படியே வாய்ப்பாட்டில் போடலாமா?

கேள்வி: 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலம் 500 மி.லி. வேண்டும். 37% அடர் அமிலம் இருக்கிறது. வி1சி1 = வி2சி2 (கனஅளவு × செறிவு இரு பக்கமும் சமம்) போட்டு 1.35 மி.லி. எடுத்தேன். தரம் பார்த்தால் (அளவு தெரிந்த பொருளோடு வினைபுரிய வைத்துச் செறிவை அளந்தால்) மூன்றில் ஒரு பங்கு செறிவுதான் வருகிறது. எங்கே தப்பு?

பதில்: வாய்ப்பாடு சரி, நீங்கள் போட்ட 37 தான் தப்பு. ஒரு பக்கம் சதவீதம், மறுபக்கம் மோலார் என்று வைத்தால் விடை இப்படித்தான் வரும். 37% என்பது எடைக் கணக்கு. லேபிளில் அடர்த்தி 1.19 என்று இருந்தால் ஒரு லிட்டர் 1190 கிராம், அதில் 37% சுமார் 440 கிராம், அதை மூலக்கூறு எடையான 36.46-ஆல் வகுத்தால் 12.1 மோலார். இனி 0.1 × 500 ÷ 12.1, அதாவது ஏறக்குறைய 4.1 மி.லி. அளவுக்குடுவையில் பாதி தண்ணீர் இருக்கும்போது அமிலத்தை விட்டு, ஆறிய பிறகு குறிவரை நிரப்புங்கள்.

நார்மல் (ஒரு லிட்டர் அமிலம் எத்தனை மோல் புரோட்டான் தரும் என்ற கணக்கு) என்று கேட்டால்? ஹைட்ரோகுளோரிக்குக் கவலை இல்லை, இரண்டும் ஒன்று. கந்தக அமிலத்தில்தான் பலர் விழுகிறார்கள். 98%, அடர்த்தி 1.84 உள்ள அமிலம் 18.4 மோலார், ஆனால் 36.8 நார்மல், ஏனென்றால் ஒரு மூலக்கூறு இரண்டு புரோட்டான் தரும். அதே 500 மி.லி.க்கு 0.1 மோலார் என்றால் 2.7 மி.லி., 0.1 நார்மல் என்றால் அதில் பாதி. கேட்டது எது என்று பார்த்துவிட்டு பிப்பெட்டைத் தொடுங்கள்.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது லேபிளைப் பற்றி. சில்லறையாகப் பிரித்து விற்கும் இடைத்தரகர்கள் 'அடர் அமிலம்' என்று மட்டும் ஒட்டித் தருவார்கள், சதவீதமும் இருக்காது, அடர்த்தியும் இருக்காது. உள்ளே 10 மோலார் அளவிலான தொழிற்சாலை ரகம் இருக்கலாம், இரும்பு கலந்து மஞ்சளடித்தும் இருக்கலாம். அந்த பாட்டிலை வாங்கவே வாங்காதீர்கள். இதையெல்லாம் வகுப்பில் யார் சொல்கிறார்கள்? வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்ய வைத்து மதிப்பெண் போட்டு அனுப்பிவிடுகிறார்கள், லேபிளை வாசிக்க ஒரு மணி நேரம் ஒதுக்குவதில்லை, எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

சரி, 4.1 எடுத்தாலும் அது தோராயம்தான், திறந்து வைத்த அமிலம் புகைந்து செறிவு இறங்கும். உலர்த்திய சோடியம் கார்பனேட் 0.106 கிராம் எடையிட்டு, மெத்தில் ஆரஞ்சு நிறங்காட்டி விட்டுத் தரம் பாருங்கள். அமிலம் 20 மி.லி. செலவானால் உங்கள் கரைசல் 0.1 மோலார். 19.5 ஆனால் 0.1026 என்று பாட்டிலில் எழுதிவிட்டு அதையே பயன்படுத்துங்கள்.