பொறியியல் மாணவர்களுக்கான பாலியல் வன்முறைத் தடுப்புக் கல்வி: கேள்வி பதில்

வன்னியில் பொறியியல் படிக்கும் மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு, இத்துறையில் நெடுநாளாகப் பயிலரங்கு நடத்திவரும் விரிவுரையாளர் ஒருவர் பதிலளிக்கிறார்.

மிஸ், நாங்கள் படிக்க வந்தது பாலமும் மின்சுற்றும். இந்த வகுப்பு எங்களுக்கு எதற்கு? (மூன்றாம் வருட மாணவர், கிளிநொச்சி)

வேலைத்தளப் பாதுகாப்பில் நீங்கள் படித்த வரிசையை நினைத்துப் பாருங்கள். ஆபத்தை நீக்குவது முதலில் வரும். தலைக்கவசமும் கையுறையும் கடைசியில்தான் வரும். மாணவிகளிடம் "இருட்ட முதல் அறைக்குப் போ, உடுப்பைக் கவனி" என்று மட்டும் சொல்லுவது, மேலே கட்டடச் சாரம் தளர்ந்து ஆடிக்கொண்டிருக்கக் கீழே நிற்பவருக்குத் தலைக்கவசம் கொடுப்பதைப் போன்றது. சாரத்தை இறுக்குவதுதான் தடுப்புக் கல்வியின் வேலை.

எங்கள் பயிலரங்கில் ஒரு காட்சியை நடித்துப் பார்ப்போம். நில அளவைக்குப் போன குழுவில் எட்டுப் பேர், அவர்களில் ஒருத்தி மட்டும் மாணவி. அவள் கோணம் அளக்கும் கருவியான தியோடலைட்டுக்குக் குனியும்போது ஒருவன் அவளுடைய உடம்பைப் பற்றி ஏதோ சொல்லுகிறான். மற்ற ஆறு பேரும் நிலத்தைப் பார்க்கிறார்கள். அதே காட்சியை மீண்டும் நடிக்கும்போது ஒருவர் மட்டும், "மச்சான், அதை விடு. றீடிங்கைச் சொல்லு" என்கிறார். உரத்துச் சொல்லவில்லை, சண்டைக்கும் போகவில்லை, ஆனாலும் அவளைப் பற்றிச் சொன்னவனின் முகம் மாறிவிடுகிறது. இந்த ஒரு வசனத்தை வாயால் சொல்லிப் பழகத்தான் வகுப்பு வேண்டும், ஏனெனில் பழகாத வாய் அந்த நேரத்தில் திறக்காது.

மற்ற ஆறு பேரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. 1968இல் டார்லி, லத்தானே என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒருவருக்கு வலிப்பு வருவதைத் தான் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களில் 85 வீதமானோர் வலிப்பு ஓய்வதற்குள் உதவி தேடி எழுந்தார்கள். வேறு நால்வரும் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களிலோ 31 வீதமானோர்தான் அந்த நேரத்துக்குள் எழுந்தார்கள். கூட்டம் பெருகப் பெருகப் பொறுப்பு கரைந்துபோகிறது.

வருடத்துக்கு ஒரு கருத்தரங்கு போதாதா? (மாணவர் ஒன்றிய உறுப்பினர், வவுனியா)

போதாது. கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாம் வருட மாணவிகளுக்கு 12 மணி நேரப் பயிற்சி கொடுத்துச் செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. பயிற்சி பெற்றவர்களில் ஒரு வருடத்துக்குள் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் 5.2 வீதம், துண்டுப்பிரசுரம் மட்டும் பெற்றவர்களில் அது 9.8 வீதம். ஆபத்தை இனங்காணவும் எதிர்க்கவும் குற்ற உணர்வை உதறவும் பழக்கிய பயிற்சி அது. இதைக் காட்டி ஆண் மாணவர்களின் பங்கை எவரும் தட்டிக் கழிக்க வேண்டாம், அந்த 5.2 வீதமும் யாரோ செய்த குற்றம்தான்.

பகிடிவதையில் அசிங்கமான சொற்களைச் சொல்ல வைக்கிறார்கள். இதுவும் வன்முறையா? (முதலாம் வருட மாணவர்)

ஆம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டத்தின்படி, பகிடிவதையின்போது பாலியல் தொந்தரவு செய்பவருக்குப் பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். ஆண் பிள்ளைகளுக்கு நடந்தாலும் சட்டம் ஒன்றுதான்.

மகள் தொழிற்பயிற்சிக்குத் தனியாகப் போக வேண்டும். அனுப்பலாமா மிஸ்? (தாய், முல்லைத்தீவு)

அனுப்புங்கள் அம்மா. மறித்தால் நட்டப்படுவது உங்கள் பிள்ளையின் படிப்புத்தான். பயிற்சி இடத்தில் பிரச்சினை வந்தால் பீடத்தில் யாரிடம் சொல்லுவது என்பதைப் புறப்படுமுன் பெயரோடு எழுதி வாங்கச் சொல்லுங்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு வேலைத்தளத்தில் அதிகாரத்தில் இருப்பவர் செய்யும் பாலியல் தொந்தரவையும் குற்றமாக்குகிறது. தண்டனை ஐந்து ஆண்டுகள் வரை. எல்லாவற்றுக்கும் மேலாக, "எது நடந்தாலும் என்னிடம் சொல்லு, படிப்பை நிறுத்த மாட்டேன்" என்று நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் வாய் திறப்பதில்லை.

தனக்கு நடந்ததைத் தோழி என்னிடம் மட்டும் சொன்னாள். நான் என்ன செய்ய வேண்டும்? (இரண்டாம் வருட மாணவி)

முதலில் நம்புங்கள். "ஏன் அங்கே போனாய்" என்று கேட்காதீர்கள். வன்புணர்வு என்றால் நேரம் முக்கியம்: கர்ப்பத்தைத் தடுக்கும் அவசர மாத்திரையையும் எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தையும் 72 மணி நேரத்துக்குள், முடிந்தளவு விரைவாகத் தொடங்க வேண்டும். அப்போது போட்டிருந்த உடுப்பைக் கழுவாமல் கடதாசிப் பையில் வைக்கலாம். பொலித்தீன் பை வேண்டாம், ஈரம் தங்கிச் சான்று கெட்டுவிடும். குளித்துவிட்டாள் என்பதற்காக வைத்தியசாலைக்குப் போகாமல் இருந்துவிடவும் வேண்டாம். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழைத்தும் ஆலோசனை கேட்கலாம்.

அவளுடைய பெயரை வட்ஸ்அப் குழுவில் எவரும் போட விடாதீர்கள். அனுதாபத்தோடு போட்டாலும் கெடுதல் கெடுதல்தான். முறைப்பாடு செய்வதா இல்லையா என்பது அவளுடைய முடிவு. நீங்கள் கூடவே வைத்தியசாலைக்குப் போவதா, அறையில் பக்கத்தில் இருப்பதா என்பதையும் அவளிடமே கேளுங்கள்.