ஜெர்மனியின் ஐஃபெல் எரிமலைக் காடுகளில் ஓட எந்தப் பாதை நல்லது?

கேட்டவர் கொலோனுக்குப் புதிதாக வந்தவர். ரைன் கரையோரம் சமதரையில் 10 கிலோமீட்டர் ஓடிப் பழகியிருக்கிறார். ஐஃபெல் எரிமலைகளுக்கு நடுவே ஓட ஆசை, எங்கே தொடங்குவது, சமாளிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

முடியும். நானும் கொலோன்வாசிதான், சில வருடங்களாக மாதத்தில் ஒரு ஞாயிறாவது அங்கே போய்விடுவேன். முதல் தடவை நான் பண்ணின கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எரிமலை என்றதும் கூம்பு மாதிரி ஒரு மலை இருக்கும், அதில் ஏறி இறங்க வேண்டும் என்றுதான் நினைத்துப் போனேன். டவுன் என்ற ஊரில் இறங்கி (ஆமாம், ஊர்ப் பெயரே டவுன்தான்) மலையைத் தேடினால் காணோம். ஏனென்றால் நான் பார்க்கப் போன எரிமலைகள் மலையாக இல்லை, குழியாக இருக்கின்றன. கீழிருந்து வந்த பாறைக்குழம்பு நிலத்தடி நீரைத் தொட்டதும் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி வெடித்து, மேலிருந்த பாறையை எல்லாம் தூக்கி எறிந்திருக்கிறது. மிஞ்சியது புனல் மாதிரி ஒரு பள்ளமும் அதைச் சுற்றிச் சாம்பல் வரப்பும். பிறகு தண்ணீர் நிரம்பி வட்டமான ஏரி. இதற்கு அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர் 'மார்'. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யோகான்னஸ் ஷ்டைனிங்கர் என்ற டிரியர் நகர ஆசிரியர் அந்த வட்டாரச் சொல்லை நிலவியலுக்குள் கொண்டுவந்தார். இன்று உலகம் முழுக்க அதே சொல்தான். நம் மாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் ஏறும்போது அடைப்பது நம் மார்தான்.

ஓடுகிறவருக்கு இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மலையில் ஓடினால் ஏற்றம் முதலில், இறக்கம் கடைசியில். குழியில் அப்படி இல்லை. வண்டியை வரப்பின் மேலே நிறுத்திவிட்டுத் தொடங்கினால் இறக்கம் முதலில் வரும், தெம்பெல்லாம் தீர்ந்த பிறகு ஏற்றம் காத்திருக்கும். நான் அதைத்தான் செய்தேன். வைன்ஃபெல்டு மார் பக்கத்து வண்டி நிறுத்தத்திலிருந்து ஷால்கன்மேரன் ஏரிக்குப் பறந்து இறங்கினேன், கடிகாரத்தில் வேகத்தைப் பார்த்து எனக்கே பெருமை. மேல் ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 484 மீட்டர், கீழ் ஏரியுடையது 420. வித்தியாசம் 64 மீட்டர், அதாவது ஏறக்குறைய இருபது மாடி. கீழே ஒரு சுற்று ஓடிவிட்டு அந்த இருபது மாடியை ஏறும்போது என்னைத் தாண்டிப் போனவர் ஊன்றுகோல் பிடித்து நடந்த ஒரு பாட்டி. "ஹலோ" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே என் முதல் சிபாரிசு: டவுன் ஊரின் மூன்று மார்களையும் சேர்த்து ஓடுங்கள், ஆனால் கெமுண்டன் மாரிலிருந்து தொடங்குங்கள். மூன்றிலும் தாழ்வானது அது, சுமார் 407 மீட்டர். முதல் வேலையாக மொய்சபெர்க் ஏறிவிடலாம். பெயருக்கு அர்த்தம் எலிமலை, உயரம் 561 மீட்டர். 154 மீட்டர் ஏற்றத்தை எலிமலை என்று சொல்லிவிட்டுப் போவது அந்த ஊர் நக்கல். ஓட முடியாத இடத்தில் நடங்கள், அங்கே எல்லாரும் நடக்கிறார்கள். உச்சியில் எரிமலைக் கல்லில் கட்டிய குட்டையான கோபுரம் ஒன்று இருக்கிறது. 1888இல் தொடங்கிய ஐஃபெல் சங்கத்தின் முதல் தலைவர் ட்ரோங்கெயின் பெயர் அதற்கு. இன்றைக்கும் அந்தக் காடுகளில் நீங்கள் பார்க்கும் வழிக்குறிகளில் பெரும்பங்கு அந்தச் சங்கத்தாரின் கைவேலை.

கோபுரத்திலிருந்து மறுபக்கம் இறங்கினால் வைன்ஃபெல்டு மார். இன்னொரு பெயர் டோட்டன்மார், செத்தவர்களின் மார். கரையில் வைன்ஃபெல்டு என்று ஒரு கிராமம் இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோய் வந்து ஊர் அழிந்துபோக, வெள்ளைத் தேவாலயம் ஒன்றும் இடுகாடும் மட்டும் நிற்கின்றன. ஏரியைச் சுற்றி மரம் குறைவு, புல் சரிவு. மே, ஜூன் மாதங்களில் சரிவெங்கும் ஒரு புதர் மஞ்சளாகப் பூக்கும், 'ஐஃபெல் தங்கம்' என்பார்கள். இந்த ஏரியில் குளிக்கக் கூடாது. பிறகு சாலையைக் கடந்து ஷால்கன்மேரன், அந்த ஏரிக்கரையில் சமமான ஒரு சுற்று, கிராமத்தில் ஒரு காபி, திரும்ப வரப்பேறி, கடைசியில் காட்டுக்குள் இறங்கி கெமுண்டன். சுற்றுகளை எப்படிச் சேர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வரும். கோடையில் என்றால் கெமுண்டன் மாரில் குளிக்கும் இடம் திறந்திருக்கும். 38 மீட்டர் ஆழ ஏரி, கெண்டைக்காலை அதற்குள் விட்டால் வலி போன இடம் தெரியாது.

வழியில் மண் வெட்டப்பட்ட இடம் கண்ணில் பட்டால் ஒரு நிமிடம் நில்லுங்கள். கறுப்புச் சாம்பல், சாம்பல்நிறத் துகள், மறுபடி கறுப்பு என்று கோடு கோடாக இருக்கும். நடுநடுவே தட்டையான பலகைக்கல் சில்லுகள் குத்திக்கொண்டிருக்கும். அந்தச் சில்லு எரிமலையினுடையது அல்ல, 40 கோடி வருடத்துக்கு முந்தைய கடலடிச் சேறு இறுகியது. வெடிப்பு அதை உடைத்து மேலே எறிந்திருக்கிறது. விரலால் தொட்டால் சாம்பல் பொலபொலவென்று உதிரும், சில்லு அசையாது. ஓட்டத்துக்கும் இந்த வித்தியாசம்தான் கணக்கு. எரிமலைச் சரளை மழையைக் குடித்துவிடும், எத்தனை ஈரத்திலும் கால் பிடிக்கும். பலகைக்கல் நனைந்தால் சோப்பு.

அதை நான் கற்றுக்கொண்டது லீஸர் ஆற்றுப் பாதையில். மாண்டர்ஷைட்டிலிருந்து விட்லிஷ் வரை ஆற்றுக்கு மேலே, மலைச்சரிவில் ஒற்றையடிப் பாதை, அழகென்றால் அப்படி ஓர் அழகு. அக்டோபரில் போனேன். பீச் (beech) மரத்து இலைகள் பாதையை மூடியிருந்தன, அடியில் வேரும் கல்லும். மூன்றாவது கிலோமீட்டரில் விழுந்து முழங்கால் கிழிந்தது. நல்லவேளை, சரிவுப் பக்கம் விழவில்லை. ஆறு மாதம் மற்ற பாதைகளில் ஓடிய பிறகு, காய்ந்த நாளாகப் பார்த்து அங்கே போங்கள். இப்போது வேண்டாம்.

மலையே வேண்டாம், சும்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் போதும் என்றால் லாஹர் ஏரி. ஆண்டர்நாக் வரை ரயில், பிறகு பஸ். ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 8 கிலோமீட்டர், பெரும்பாலும் சமம், பாதிக்கு மேல் மர நிழல். சாதுவாகத் தெரியும் அந்த ஏரிதான் இருப்பதிலேயே பெரிய வெடிப்பின் மிச்சம். சுமார் 13,000 வருடங்களுக்கு முன் வெடித்து, பாறைக்குழம்பு வெளியேறியதால் காலியான அறையின் கூரை அப்படியே உள்ளே அமிழ்ந்துபோனது. அந்தச் சாம்பல் ஸ்வீடன் வரை கிடைக்கிறது. கரையில் 1093இல் நிறுவிய மரியா லாஹ் மடம். ஏரி பெருகி மடத்துக்குள் வந்துவிடக் கூடாது என்று 12ஆம் நூற்றாண்டிலேயே துறவிகள் சுரங்கம் வெட்டித் தண்ணீரை வடித்திருக்கிறார்கள். ஏரிக்கு இயற்கையான வடிகால் கிடையாது.

கிழக்குக் கரையில் ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் ஓரம் குனிந்து பாருங்கள். மணிமணியாகக் கொப்புளம் வரும், ஒரே இடத்திலிருந்து, விடாமல். பக்கத்தில் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி மெல்லிய சத்தம். கொதிக்கவில்லை, தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும். அடியில் இன்னும் அடங்காத எரிமலை விடும் கரியமில வாயு. இந்த வாயு காற்றைவிடக் கனம், காற்றோட்டம் இல்லாத பள்ளத்தில் தேங்கும். களைத்துப்போய் அந்த மாதிரிப் பள்ளத்தில் படுத்துவிடாதீர்கள். நின்று பார்ப்பதில் ஒன்றும் ஆகாது.

சுற்றுச் சுற்றாக ஓடிப் பயிற்சி எடுக்க கில்லன்ஃபெல்டு பக்கத்துப் புல்ஃபர்மார். கிட்டத்தட்ட காம்பஸ் வைத்து வரைந்த வட்டம், விட்டம் சுமார் 700 மீட்டர், ஆழம் 72 மீட்டர். கரையிலும் பாதை உண்டு, வரப்பிலும் உண்டு. எனக்கு மூன்றாவது சுற்றில் சலித்துவிடும். மார்-மோசல் சைக்கிள் பாதை பழைய ரயில்தடம், 58 கிலோமீட்டர் தார். ரயில் ஏறிய சரிவு என்பதால் முழங்காலுக்கு இதம், ஆனால் அதற்கு ஐஃபெல் வரை வர வேண்டுமா என்று தோன்றும்.

சின்ன விஷயங்கள்: காட்டுக்குள் குடிநீர் கிடையாது, அரை லிட்டராவது முதுகில் வேண்டும். உண்ணி ஏராளம். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள், கடித்திருந்தால் உடனே பிடுங்குங்கள், தோலில் சிவப்பு வட்டம் பரவினால் டாக்டர். 2018 வறட்சிக்குப் பிறகு வண்டு விழுந்து ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்களை நிறைய வெட்டிவிட்டார்கள். வரைபடத்தில் காடு, நேரில் மொட்டை, மரத்தோடு வழிக்குறியும் போயிருக்கும். அதனால் பாதையைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பள்ளத்துக்குள் சிக்னலை நம்ப முடியாது.

2021 ஜூலை வெள்ளம் கொலோனிலிருந்து கெரோல்ஷ்டைன் போகும் ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. கிளம்பும் முன் ரயில் எதுவரை, பஸ் எங்கே மாற வேண்டும் என்று பார்த்துவிடுங்கள். ஞாயிறு மாலை பஸ்ஸைத் தவறவிட்டு, வியர்வைச் சட்டையோடு இரண்டு மணி நேரம் நிறுத்தத்தில் நடுங்கியிருக்கிறேன். மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.