காகிதக்கூழ் கூடை விரிசல் விடுகிறதா?
செய்தித்தாளை ஊறவைத்து, மைதாப் பசை கலந்து எவர்சில்வர் குண்டான் மேல் அப்பிய கூடை மூன்றாம் நாளே வெடித்து, உள்ளே பூஞ்சையும் பிடித்தது என்கிறீர்கள். தாளைக் குறை சொல்லாதீர்கள். கூழ் காயும்போது சுருங்கும், குண்டான் சுருங்குமா? கவிழ்த்த குண்டான் மேல் ஈரத்துணி போட்டு அரை விரல் கனத்துக்கு அப்பி, பாதி காய்ந்ததும் துணியோடு கழற்றி நிமிர்த்தி வெயிலில் வைத்தால் உள்பக்கமும் காயும், பூஞ்சைக்கு வேலையில்லை. அப்புறம் அந்த மைதாப் பசை வேண்டாம், பூச்சி வரும். என் பாட்டி இரவே ஊறவைத்த வெந்தயத்தைத் தாளோடு ஆட்டுக்கல்லில் வழுவழுவென்று ஆட்டுவார், அந்தக் கொழகொழப்பே பசை (வாசனை ஒரு வாரம் வீட்டை விட்டுப் போகாது, அது வேறு கதை). மிக்ஸியிலும் அரைக்கலாம், விட்டு விட்டு ஓட்டுங்கள். கூழைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. பளபளப்பான வார இதழ்த் தாள் சரியாகக் கரையாது, பழைய முட்டை அட்டை இருந்தால் சேருங்கள்.