மாற்றிப் போட்டாலும் தெரியாது

வணக்கங்க அண்ணா,

திருச்செங்கோட்டுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில் ஒரு ஆண்கள் உறைவிடப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருக்கிறேன். நாலு வருடம் ஆகிறது. இந்த வருடம் பிளஸ் டூ முடித்துப் போகும் 43 பையன்களைப் பற்றியும் ஆளுக்கு நாலு வரி எழுதி, பிரிவு விழா மலரில் போட வேண்டும் என்று தாளாளர் சொன்னார். வகுப்பாசிரியன் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. ஒரே ராத்திரியில் எழுதி முடித்தேன். ‘அமைதியானவன், கடின உழைப்பாளி, ஆசிரியர்களிடம் மரியாதை உள்ளவன், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.’ எழுத்துப்பிழை பார்க்க ஒரு பையனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “சார், என்னுதையும் அவனுதையும் மாத்திப் போட்டாலும் ஒண்ணுந் தெரியாதுங்களே” என்றான்.

எனக்கு ரோசம் வந்து, “அப்ப நீங்களே எழுதுங்கடா” என்று சொல்லிவிட்டேன். ஒரு நோட்டு நிறைய எழுதிக் கொண்டுவந்துவிட்டார்கள். அதில் பாதியை அச்சில் போட முடியாது. ஆனால் அந்தப் பாதியைப் படித்துத்தான் ஸ்டாஃப் ரூமில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். விழாவுக்குப் பெற்றோர் வருவார்கள், கிண்டலெல்லாம் வேண்டாம் என்கிறார் தலைமையாசிரியர். எதை வைப்பது, எதை எடுப்பது? வாத்தியார் பையன்களைக் கிண்டல் செய்து எழுதுவதே சரிதானா? நீங்கள் விடுதியில் படித்தவர் என்று முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

ச.

*

அன்புள்ள ச.,

மாற்றிப் போட்டாலும் தெரியாது என்று சொன்ன பையனுக்கு அடுத்த ரிவிஷன் டெஸ்டில் ஐந்து மதிப்பெண் சேர்த்துப் போடுங்கள். இனி நான் எழுதப்போவது அவன் சொன்னதற்கு விளக்கவுரை, அவ்வளவுதான்.

எங்கள் தமிழய்யா வஞ்சப்புகழ்ச்சி அணியை இரண்டு நாள் நடத்துவார். புகழ்வது போலப் பழிப்பது ஒரு நாள், பழிப்பது போலப் புகழ்வது மறுநாள். முதல் நாளுக்கு ‘தேவர் அனையர் கயவர்’ குறள். கயவர்களும் தேவர்களைப் போலத்தான், இருவரும் தங்கள் இஷ்டத்துக்கு நடப்பார்கள் என்கிறார் வள்ளுவர். இரண்டாம் நாளுக்கு அவர் புத்தகத்தைத் தொடவே மாட்டார். எங்களில் ஒருவனை எழுப்பி நிறுத்தி ஆரம்பித்துவிடுவார். நீங்கள் ராத்திரியோடு ராத்திரியாக எழுதிய 43ம் முதல் நாள் பாடம். அமைதியானவன் என்றால் இவனோடு நான் பேசியதில்லை என்று அர்த்தம். கடின உழைப்பாளி என்றால் உழைத்தான், மார்க் வரவில்லை. மரியாதை உள்ளவன் என்றால் பெயரே நினைவில்லை. பையன்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அதிலும் நம் பக்கத்துப் பையன்களுக்கு. கொங்கு நாட்டில் மரியாதை திடீரென்று கூடினால் உஷாராகிவிட வேண்டும் என்று பிறந்ததிலிருந்தே நமக்குத் தெரியும். எங்கள் வேதியியல் வாத்தியார் சாதாரண நாளில் “டேய்” என்பார். யாராவது பிப்பெட்டை உடைத்துவிட்டால் குரலில் தேன் வடியும். “வாங்க சாமி, இப்படி வந்து உக்காருங்க, இன்னொண்ணு எடுத்துத் தரட்டுங்களா?” அந்த ‘ங்க’வுக்குப் பயந்தே இரண்டு வருடம் கண்ணாடிச் சாமானைக் கைக்குழந்தை போலத் தூக்கினோம்.

நான் 1996ல் பிளஸ் டூ முடித்தேன். நாமக்கல் பக்கத்தில் ஒரு பள்ளி. வெளியூர்க்காரர்கள் எங்கள் மாதிரிப் பள்ளிகளைக் கோழிப்பண்ணை என்று திட்டுவார்கள். நாங்கள் அதைத் திட்டாகவே எடுத்துக்கொண்டதில்லை, எங்கள் ஊரில் பண்ணை வைத்திருப்பவர்தானே பெரிய மனுஷர்! பையன்களை ஒரு தேர்வுக்கென்று தயார் செய்யும் பள்ளி நம் பக்கம் நேற்று முளைத்ததும் அல்ல. 1962லேயே உடுமலைக்குத் தெற்கே அமராவதி அணை ஓரம் சைனிக் பள்ளி வந்துவிட்டது. அங்கே ராணுவத்துக்கு, எங்களிடம் கிண்டி பொறியியல் கல்லூரிக்கு.

அப்போது தொழிற்கல்விக்கு மாநில நுழைவுத் தேர்வு இருந்தது. 2007ல்தான் அதை எடுத்தார்கள். அதனால் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்தும் வீட்டுக்கு விடவில்லை. ஏப்ரல் வெயிலில், ஓடாத ஃபேனுக்குக் கீழே பன்னிரண்டு பேர். அந்த எரிச்சலில் ஒரு கோடு போடாத நோட்டில் ஆளாளுக்கு ஒரு பக்கம் எழுத ஆரம்பித்தோம். ‘ஆசிரியர்’ நான். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதிலிருந்து சிலதைச் சொல்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன். ஆட்கள் எல்லாரும் இப்போது தொப்பையோடு வெவ்வேறு ஊரில் இருக்கிறார்கள்.

திருச்செங்கோட்டுக்காரன் ஒருவன். அப்பாவிடம் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி இரண்டு, வருடத்தில் பாதி நாள் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று துளை போட்டுக்கொண்டிருக்கும். அவன் பக்கத்தில் இப்படி இருக்கிறது: ‘ராத்திரி பத்தரைக்கு ஓட்ட ஆரம்பிப்பான். பன்னிரண்டு மணிக்கு முந்நூறு அடி. ரெண்டு மணிக்குப் பாறை வந்து சத்தம் மாறும். விடிய அஞ்சு மணிக்குத் தண்ணீர் கண்டிப்பாக வரும், வார்டன் கையில் இருக்கும் சொம்பிலிருந்து.’ இதை நீங்கள் வேறு எவன் தலையிலும் கட்ட முடியாது. குறட்டை விடுகிறவர்கள் எங்கள் அறையில் நாலு பேர் இருந்தார்கள். பாறை வந்து சத்தம் மாறியது ஒருவனுக்குத்தான்.

பண்ணைக்காரர் வீட்டுப் பையன் ஒருவன். மெஸ்ஸில் முட்டை போட்டால் சாப்பிடமாட்டான். வேக வைப்பதற்கு முன்னாலேயே சமையல்கட்டுக்குப் போய், ஒரு முட்டையை எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, “இது போன வியாழக்கிழமைக்கு முந்தினதுங்க” என்பான். உள்ளே காற்றறை எவ்வளவு பெரிதாயிருக்கிறது என்று பார்த்து வயது சொல்வது அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் வரும். மெஸ்காரருக்கு அது தெரியாது. ‘மெஸ்காரர் பயப்படும் இரண்டு பேர்: ஒருவர் தாளாளர். மற்றவர் பதினொன்றாம் வகுப்பில் வேதியியலில் 31.’ இதில் கடைசி வரியை இன்றைக்கு வெட்டியிருப்பேன். காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

தாராபுரத்துப் பக்கத்துக்காரன் ஒருவன் விடுதியை விட்டு நான்கு முறை ஓடினான். நான்கு முறையும் பிடிபட்டான். ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் மாமா கண்டக்டராக இருந்த பஸ்ஸாகப் பார்த்து ஏறினான். ‘ஓடிப்போவதென்றாலும் டிக்கெட் காசு மிச்சம் பிடிக்க வேண்டாமா?’ என்று எழுதியிருக்கிறோம். அவன் இப்போது என்ன தொழில் செய்கிறான் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், அதனால் விட்டுவிடுகிறேன்.

கட்-ஆஃப் கணக்கன் ஒருவன். அப்போது மொத்தம் 300. கணக்குக்கு நூறு, இயற்பியலும் வேதியியலும் சேர்த்து நூறு, நுழைவுத் தேர்வுக்கு நூறு. குளிக்க வாளியோடு வரிசையில் நிற்பவனைப் பிடித்து, விரலை மடக்கி மடக்கி, அரைப் புள்ளி பிசகாமல் சொல்வான். அவன் கணக்குப்படி எங்கள் அறையே கிண்டிக்குப் போயிருக்க வேண்டும். ஒருவன் போனான். கணக்கன் போகவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எதை வெட்டுவது? அதை நான் கற்றுக்கொண்டது நல்ல விதமாக அல்ல.

எங்கள் அறையில் பள்ளிபாளையத்துப் பையன் ஒருவன் இருந்தான். அப்பா தறி ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை கலர் டிரஸ் போடலாம். அவன் இரண்டு வருடமும் ஒரே சட்டைதான் போட்டான். மஞ்சளில் பச்சைக் கட்டம். அவன் பக்கத்துக்கு நான் வைத்த தலைப்பு ‘கட்டம் போட்ட மன்னர்’. மன்னரின் அரண்மனை, மன்னரின் கொடி என்று ஒரு பக்கம் முழுக்க இழுத்திருந்தேன். கடைசி நாள் பெட்டி படுக்கையைத் தூக்க வீட்டு ஆட்கள் வந்திருந்தபோது, அந்த நோட்டை ஒருவன் பெஞ்சு மேல் ஏறி நின்று வாசித்தான். எல்லாரும் சிரித்தார்கள். மன்னர்தான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தான். அவன் அப்பாவும் சிரித்தார். எதற்கென்று தெரியாமல், சபையோடு சேர்ந்து சிரித்தார். அப்புறம் என்னிடம் வந்து, “அந்தச் சட்டைத் துணி நாந்தானுங்க தம்பி எடுத்துக் குடுத்தது. நல்லாத்தானுங்களே இருக்குது?” என்று கேட்டார். நல்லா இருக்குதுங்க என்றேன். வேறு என்ன சொல்ல?

அதிலிருந்து எனக்கு ஒரே அளவுகோல்தான். அந்தப் பையனின் அப்பா முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, இதைச் சத்தமாகப் படிக்க முடியுமா? பையன் சிரித்தானா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். விடுதிப் பையன் எதற்கும் சிரிப்பான், சிரிக்காவிட்டால் அது பத்து நாள் ஓடும் என்று அவனுக்குத் தெரியும். அவன் செய்ததைக் கிண்டல் செய்யுங்கள், எத்தனை வேண்டுமானாலும். குறட்டை, ஓட்டம், முட்டை, எதுவும் ஆகும். அவனுக்கு வாய்த்ததைத் தொடாதீர்கள். நிறம், உடம்பு, திக்குவாய், அப்பாவின் வரும்படி. சாதியைச் சொல்லவே வேண்டாம். ஆனால் அது நம் ஊரில் பட்டப்பெயர் வேடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும், நோட்டில் ஒவ்வொரு பட்டப்பெயரும் எங்கிருந்து வந்தது என்று பையன்களிடமே கேளுங்கள். சொல்லத் தயங்கினால் வெட்டுங்கள். பக்கத்துப் பெண்கள் பள்ளியைப் பற்றிய வரிகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அதில் ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்கும் ஒரு வீடு இருக்கிறது.

மதிப்பெண்ணும் வேண்டாம், நல்லதோ கெட்டதோ. ரேங்க் பட்டியல் வெளியிடுவதை அரசு 2017லேயே நிறுத்திவிட்டது. நம் ஊர் ஃபிளக்ஸ் பேனர்களுக்கு அந்த அரசாணை இன்னும் போய்ச் சேரவில்லை. இரண்டு வருடமும் அவர்களை எண்ணாகவே பார்த்தாயிற்று. மலரிலாவது எண் இல்லாமல் இருக்கட்டும். முதல் ரேங்க் வாங்குகிறவனைப் பற்றி எழுதும்போது இதனால் கொஞ்சம் சிரமப்படுவீர்கள், படுங்கள்.

அதைவிடச் சிரமம் சத்தமே இல்லாத பையன்கள். எல்லா வகுப்பிலும் நாலைந்து பேர் இருப்பார்கள். உங்கள் நோட்டிலும் அவர்கள் பக்கம் காலியாகவோ, ரெண்டு வரியாகவோ இருக்கும், எடுத்துப் பாருங்கள். எங்கள் அறையிலும் ஒருவன் இருந்தான். யாரைக் கேட்டாலும் “அவனா? நல்ல பையன்” என்றார்கள். வாத்தியார்களைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. கடைசியில் மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிற அக்காவைக் கேட்டேன். “அந்தக் கண்ணா? சாப்புட்டுத் தன்ற தட்டைக் கழுவி வெச்சுட்டு, பக்கத்துல ஒருத்தன் அப்புடியே வெச்சுட்டுப் போயிருவான் பாரு, அதையும் கழுவி வெச்சுட்டுத்தான் போவான்” என்றார். வார்டன் பார்த்தால் தட்டு வைத்தவனுக்கு அடி விழும், அதற்காக.

அந்தத் தட்டு வைத்தவன் நான். இரண்டு வருடமாக என் தட்டு தானாகவே சுத்தமாகிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

ஆகவே வாட்ச்மேன், மெஸ் அக்கா, மாதம் ஒருமுறை வேப்பமரத்தடியில் மொத்தப் பேருக்கும் ஒரே மாதிரி முடி வெட்டிவிடுகிற அண்ணன், இவர்களிடம் போய்க் கேளுங்கள். ஒரு பையன் கண்ணாடி முன்னால் என்ன சொல்லி அழுதான் என்று முடி வெட்டுகிறவருக்குத்தான் தெரியும்.

வாத்தியார் கிண்டல் செய்யலாமா என்று கேட்டீர்கள். உங்களைப் பற்றிய பக்கத்தை அவர்களை எழுதவிட்டால் செய்யலாம். மலரில் முதல் பக்கத்தில் அதைப் போடுங்கள், தலைமையாசிரியர் பக்கத்தையும் சேர்த்துப் போட முடிந்தால் நீங்கள் கெட்டிக்காரர். அப்பா முன்னால் படிக்க முடியாதது எதையும் வைக்கவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார். என்னைப் பற்றி எங்கள் அறைக்காரர்கள் எழுதியது ஒரே வரி: ‘எல்லார் கதையும் தெரியும், தன் தட்டு எங்கே என்று மட்டும் தெரியாது.’ மெஸ் அக்கா சொன்னதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. அப்படியானால் எல்லாருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது.

விழாவுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு நாளைக்கு மூன்று பேர் என்று வைத்தால் பதினைந்து நாளில் முடிந்துவிடும். ஒரே ராத்திரியில் மட்டும் மறுபடி உட்காராதீர்கள். முடித்ததும், மாற்றிப் போட்டாலும் தெரியாது என்ற அந்தப் பையனிடமே கொடுத்து, இப்போது மாற்றிப் போடு பார்க்கலாம் என்று சொல்லுங்கள். அவனைப் பற்றி என்ன எழுதினீர்கள் என்பதை மட்டும் எனக்கு அனுப்புங்கள்.