பாதி விலையில் பாக்

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ராம்நாட் கிருஷ்ணனின் 'வித்வான்' என்ற எல்.பி. இசைத்தட்டு கிடைத்தது. உறையில் 'நன்சச்' என்ற அமெரிக்கக் கம்பெனியின் பெயர். மேற்கத்திய இசையை மலிவு விலையில் விற்ற கம்பெனி அது என்கிறார் அப்பா. அவர்களுக்கும் கர்நாடக சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: அப்பா சொல்வது உண்மைதான், ஆனால் பாதிக் கதை.

1964-இல் நன்சச்சைத் தொடங்கியவர் ஜாக் ஹோல்ஸ்மன். அதற்கு முன்பே 'எலக்ட்ரா' என்ற கம்பெனியில் நாட்டுப்புறப் பாடல்களை வெளியிட்டு வந்தவர். அன்று அமெரிக்காவில் ஒரு செவ்வியல் இசைத்தட்டின் விலை ஏறக்குறைய 5 டாலர். மாணவர்கள் கடையில் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். நல்ல பேப்பர்பேக் புத்தகத்தின் விலைக்குத் தட்டைக் கொடுத்தால் என்ன என்று ஹோல்ஸ்மனுக்குத் தோன்றியது. இரண்டரை டாலர் என்று வைத்தார்.

கட்டுப்படியானது எப்படி? ஆர்க்கெஸ்ட்ராவுக்குச் சம்பளம், அரங்க வாடகை, ஒலிப்பதிவுச் செலவு எதுவும் அவர் தலையில் விழவில்லை. ஐரோப்பாவின் சிறு கம்பெனிகள் ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருந்த நாடாக்களுக்கு அமெரிக்க உரிமையை மட்டும் வாங்கினார். ஜெர்மன் இசை நடத்துநர் கார்ல் ரிஸ்டென்பார்ட் நடத்திய, செவ்வியல் மேதை பாக்கின் இசை அப்படித்தான் கடல் தாண்டி வந்தது. மலிவுப் பதிப்பு என்றாலே அழுது வடியும் அட்டைதான் என்ற நினைப்பையும் ஹோல்ஸ்மன் உடைத்தார். குறும்பான வண்ணப் படங்கள் உறையின் முன்பக்கம். பின்பக்கம் விஷயம் தெரிந்தவர்கள் எழுதிய குறிப்புகள். என் கணக்கில் பாதி விற்பனை அந்த உறைகளால்தான்.

அடுத்த ஆண்டே பொறுப்பு டிரேசி ஸ்டெர்ன் என்ற பெண்மணியிடம் வந்தது. சிறு வயதிலேயே பியானோ கச்சேரி செய்தவர், காது கூர்மையானவர். இரவல் நாடாவில் வந்த வருமானத்தைச் சொந்தப் பதிவுகளில் போட்டார். மின்னணு இசைக்கென்றே அமெரிக்க இசையமைப்பாளர் மார்ட்டன் சபாட்னிக்கிடம் புதிய படைப்பு கேட்டு வாங்கி, 1967-இல் வெளியிட்டார்கள். எந்தக் கணக்குப்பிள்ளையும் இதற்குக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்!

உங்கள் தட்டு வருவது அதே 1967-இல் தொடங்கிய 'எக்ஸ்ப்ளோரர்' வரிசையில். ஜாவாவின் கேமலான் எனும் தாளவாத்தியக் குழு இசை, ஆப்பிரிக்க இசை எல்லாம் அதில் உண்டு. அந்த நாட்களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம் வித்வான்கள் சிலர் இசை கற்பித்து வந்தார்கள். ராம்நாட் கிருஷ்ணனும் அவர்களில் ஒருவர். உங்கள் தட்டில் மிருதங்கம் டி. ரங்கநாதன், அதாவது நடனமணி பாலசரஸ்வதியின் தம்பி. கே.வி. நாராயணசாமியும் இதே வரிசையில் பாடியிருக்கிறார். கிருஷ்ணன் 1973-இல் மறைந்துவிட்டார். கூட்டத்துக்காகக் குரலை உயர்த்தாமல், ராகத்தின் வளைவுகளில் நிதானமாக இறங்கி ஏறும் அந்தப் பாணியை அறிய இந்தத் தட்டைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கேள்வி: அதன் மேல் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. போட்டுக் கேட்கலாமா?
– அதே வாசகி

பதில்: அப்படியே போட்டால் ஊசிக்கும் கேடு, தட்டுக்கும் கேடு. வாலை வடிநீரில் ஒரு சொட்டு மென்மையான பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மெல்லிய துணியால் பள்ளங்களின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். நடுவிலுள்ள காகித லேபிள் நனையக் கூடாது. வெறும் வடிநீரால் மறுபடி துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். டிரங்குப் பெட்டிக்கு மட்டும் திருப்பி அனுப்பாதீர்கள். தட்டு படுத்திருந்தால் வளையும். புத்தகம் போல அலமாரியில் நிறுத்தி வையுங்கள்.