எங்கள் கட்சிப் பெண், எதிர்க்கட்சிப் பெண்: கேள்வி பதில்

கேள்வி: பெண் வேட்பாளர் என்றால் விமர்சிக்கவே கூடாதா மேடம்?

பதில்: தாராளமாக விமர்சியுங்கள். 2008-இல் அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினிடம், என்னென்ன பத்திரிகைகள் படிப்பீர்கள் என்று டிவி பேட்டியில் கேட்டார்கள். அவரால் ஒரு பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை. ஆணிடமும் கேட்கக்கூடிய கேள்விதான் அது. ஆனால் ஐந்து பிள்ளைகளின் தாய், அதுவும் கைக்குழந்தைக்காரி, இந்தப் பதவிக்கு வரலாமா என்றும் கேட்டார்களே, அது நியாயமில்லை. அதே தேர்தலில் நின்ற ஒபாமாவுக்கும் இரண்டு சின்னப் பெண்கள் இருந்தார்கள். அவரை அப்படிக் குடையவில்லை.

கேள்வி: பிள்ளை இல்லாத பெண் தலைவர்களுக்கு இந்தத் தொல்லை இருக்காதே?

பதில்: அவர்களுக்கு வேறு விதமாக வரும். ஆஸ்திரேலியாவில் ஜூலியா கில்லார்ட் பிரதமராவதற்கு முன்பே, 2007-இல், எதிர்த்தரப்பு செனட்டர் ஒருவர், வேண்டுமென்றே பிள்ளை பெறாதவர் தலைமைக்குத் தகுதியில்லை என்று பேசினார். நியூசிலாந்தின் ஜசிந்தா ஆர்டெர்ன் 2017-இல் கட்சித் தலைவரான சில மணி நேரத்திலேயே, குழந்தை பெறும் எண்ணம் உண்டா என்று டிவியில் கேட்டுவிட்டார்கள்.

கேள்வி: எங்கள் கட்சி பெண்ணுரிமை பேசும் கட்சி. எதிர்க்கட்சிக்காரர்கள்தான் இப்படிப் பேசுவார்கள்.

பதில்: இதை நான் ஏற்க மாட்டேன். 2008 ஜனவரியில், ஒபாமாவின் ஜனநாயகக் கட்சியிலேயே அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட ஹிலாரி கிளிண்டனின் கூட்டத்தில் "என் சட்டையை இஸ்திரி போடு" என்று கத்தினார்கள். அதற்குக் கொதித்த தரப்பிலேயே சிலர், சில மாதம் கழித்து பேலினின் அழகையும் தாய்மையையும் வைத்துக் கேலி பேசினார்கள். மறுபக்கமும் அப்படித்தான். தாய் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவந்த பழமைவாதிகளில் பலர், தங்கள் கட்சிக்கு பேலின் வந்ததும் வேலைக்குப் போகும் தாயைப் போற்றத் தொடங்கினார்கள்.

நம் கட்சிப் பெண்ணுக்காகக் கோபப்படுவது எல்லோருக்கும் எளிது. எதிர்க்கட்சிப் பெண்ணைக் கேவலமாகப் பேசும்போது உங்கள் ஆட்கள் வாயைத் திறக்கிறார்களா? அதை வைத்துத்தான் ஒரு கட்சியை எடைபோடுவேன். பேலினின் பதின்வயது மகள் கர்ப்பமாக இருந்த செய்தி வந்தபோது, பிள்ளைகளை இதில் இழுக்காதீர்கள், என்னைப் பெற்றபோது என் அம்மாவுக்கும் 18 வயதுதான் என்று எதிரணி வேட்பாளரான ஒபாமாவே சொன்னார். அந்த நேர்மையைத்தான் எல்லாக் கட்சியிலும் எதிர்பார்க்கிறேன்.

கேள்வி: உடை, தோற்றம் பற்றிய பேச்செல்லாம் சின்ன விஷயம்தானே?

பதில்: பேச வேண்டியதை அது மறைத்துவிடுகிறதே! 2017-இல் பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மேயும் ஸ்காட்லாந்தின் முதன்மை அமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜனும் சந்தித்தபோது, யார் கால்கள் அழகு என்று ஒரு நாளிதழ் முதல் பக்கத்திலேயே போட்டது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகவிருந்த நேரம் அது.

கேள்வி: ஆனால் கட்சிகளே பெண்களைத் தலைமைக்குக் கொண்டுவருகின்றனவே?

பதில்: எப்போது கொண்டுவருகிறார்கள் என்றும் பாருங்கள். கனடாவில் ஆளுங்கட்சி மக்களின் வெறுப்பைச் சம்பாதித்திருந்த நிலையில், 1993 ஜூனில் கிம் கேம்ப்பெல் பிரதமரானார். அக்டோபர் தேர்தலில் கட்சிக்குக் கிடைத்தது 2 இடம். அந்தத் தோல்வியில் பெரும்பங்கு, அவருக்கு முன் ஆண்ட பிரையன் மல்ரோனியின் ஆட்சி சேர்த்துவைத்த கோபத்துக்கு உண்டு.