கல்லடியில் வைத்து ஒரு பழைய ஃபெரியோவைக் கண்காட்சித் தரத்துக்குக் கொண்டுவந்த அனுபவம்

கேட்டவர் அக்கரைப்பற்றில் இருக்கிறார். கையில் 1990களின் ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் செடான் ஒன்று இருக்கிறது. அதன் அழகு கெடாமல், கண்காட்சியில் நிறுத்தக்கூடிய தரத்துக்கு மாற்ற எங்கிருந்து தொடங்குவது என்பது கேள்வி.

என்னிடம் இருப்பது ஹொண்டா சிவிக் ஃபெரியோ எஸ்ஐஆர். அதன் மாதிரிக் குறியீடு ஈஜி9, தெரிந்தவர்களுக்கு அதுவே போதும். 1.6 லீற்றர் பி16ஏ எஞ்சின், 170 குதிரைவலு. மட்டக்களப்பின் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே நிற்கும் கார் அது. ஆகவே என் முதல் பதில்: ரிம் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். காரை உயர்த்திவிட்டு அடியில் படுங்கள்.

எங்கள் கரையோரத்தில் உப்புக் காற்று இரும்பை ஓய்வில்லாமல் தின்கிறது. சிவிக் கார்களுக்குப் பின்சக்கர வளைவுதான் பலவீனமான இடம். நான் வாங்கும்போது அந்த இடம் கண்ணாடிபோல் மின்னியது. ஒருநாள் ஸ்குரூ டிரைவரின் பிடியால் வளைவு நெடுகிலும் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தேன். "டங், டங்" என்று வந்த சத்தம் ஓரிடத்தில் "தொப்" என்றது. காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. சுரண்டினால் ஒரு விரல் தடிப்புக்குப் புட்டி, அதாவது பள்ளம் நிரப்பும் பசை. அதற்குப் பின்னால் தகடு இருக்க வேண்டிய இடத்தில் பொரிந்த துரு அப்பளம்போல் நொறுங்கிக் கையில் வந்தது. முன்னர் வேலை செய்தவர் ஓட்டையை அடைத்து மேலே வர்ணம் பூசிவிட்டிருந்தார். இரு பக்கமும் வெட்டி, புதுத் தகடு வளைத்து ஒட்டவைத்து, துருவைத் தடுக்கும் எப்பொக்சி பிரைமர் அடித்து, மூட்டுகளுக்கு சீலர் பூசி, உள்குழிகளுக்கு மெழுகு தெளித்து முடிக்க மூன்று மாதம் போனது. வெளியே பார்ப்பவருக்கு ஒரு மாற்றமும் தெரியாது. ஆனால் கண்காட்சியில் நடுவர்கள் டோர்ச் அடித்துப் பார்ப்பது சக்கர வளைவின் உட்புறத்தையும் கதவுத் தூண்களையும்தான்.

வர்ணத்துக்குக் காலம் பார்க்க வேண்டும். இதை நான் இழப்பில் கற்றேன். கார்த்திகை மழைக்குள் அவசரப்பட்டு ஒரு கராஜில் கறுப்பு அடிக்கக் கொடுத்தேன். ஈரக்காற்றில் அடித்த கிளியர், அதாவது வர்ணத்தின் மேல் பூசும் நிறமற்ற பளபளப்புப் பூச்சு, பால் படர்ந்ததுபோல் வெளுத்து, சில வாரங்களில் பொனட்டில் கொப்புளமும் கண்டது. முழுவதையும் உரிக்க வேண்டியதாயிற்று. அதற்காகக் கோடை நடுவில் போனால் கச்சான் காற்று புழுதியை அள்ளி ஈர வர்ணத்தின் மேல் கொட்டும். மாசி முதல் சித்திரைக்குள் முடிப்பதே எங்கள் பக்கத்துக்குப் பொருத்தம். வெப்பத்துக்கு ஏற்ற, மெதுவாகக் காயும் தின்னரைக் கேட்டு வாங்குங்கள். நிறத்தை மாற்றாமல், காரின் அடையாளத் தகட்டில் உள்ள குறியீட்டின்படியே கலக்கச் சொல்லுங்கள். மாற்றியே ஆக வேண்டுமானால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது முறை அடித்த அண்ணன் கிளியரை நான்கு கோட் வைத்தார். "தம்பி, ஒரு மாதம் தொடாதே, அது தன்பாட்டில் இறுகட்டும்" என்றார். அதன் பிறகு 1500, 2000, 3000 என்று வரவர மென்மையாகும் தண்ணீர்த் தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்தோம். வாளித் தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு. தாளை வெறும் விரலால் பிடித்தால் விரல் போன தடம் கறுப்பில் வரிவரியாகத் தெரியும். இறப்பர் கட்டையில் சுற்றிப் பிடிக்க வேண்டும். பொனட் விளிம்பிலும் கதவு மடிப்பிலும் கிளியர் மெல்லியதாகவே நிற்கும், அங்கே டேப் ஒட்டிவிட்டுத்தான் தொட வேண்டும். தேய்க்கத் தேய்க்க மேற்பரப்பு சாம்பல் பூத்து மங்கும். பார்க்கவே வயிறு கலங்கும். பொலிஷ் மெஷின் போட்ட பின்பு, கூரையின் மேல் எங்கள் முற்றத்துத் தென்னோலை ஒவ்வொரு ஈர்க்காகத் தெரிந்தது.

மற்ற மாற்றங்களுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே. அந்தக் கார் புதிதாக ஓடிய காலத்தில், அதை நேசித்த ஒருவர் என்ன போட்டிருப்பாரோ அதை மட்டும் போடுங்கள். நான் வாங்கும்போது காரில் இருந்த டயர் 185/60 ஆர்14. அதை 195/50 ஆர்15 ஆக்கினேன். டயரின் வெளிவிட்டம் 578 மில்லிமீற்றரிலிருந்து 576 ஆகிறது, அவ்வளவுதான். வேகமானி பொய் சொல்லாது, சக்கரம் வளைவில் உரசாது. 17 அங்குல ரிம் போட்டால் கார் பொம்மை வண்டிபோல் ஆகிவிடும், ஓட்டமும் கடுமையாகும். உயரத்தை 30 மில்லிமீற்றர் மட்டும் குறைத்தேன். கொழும்புக்குப் போக மகியங்கனை வழியாகப் பதினெட்டு வளைவு மலைப்பாதை ஏறும் கார் அது, வயிற்றால் ஊர்ந்து போக விடமாட்டேன்.

நீங்கள் மறந்துவிடக்கூடியது இறப்பர். கதவைச் சுற்றியும் கண்ணாடி ஓரத்திலும் உள்ள இறப்பர் வெடித்திருந்தால் எவ்வளவு நல்ல வர்ணமும் கிழட்டுத் தோற்றம் தரும். கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் இரண்டு நாள் அலைந்து ஒரு பக்கத்துக்குக் கிடைத்தது, மறுபக்கத்துக்கு ஜப்பானிலிருந்து வரவழைத்தேன். விலை ரிம்மை நெருங்கியது. கொடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

எஞ்சினில் கை வைக்காதீர்கள். வால்வ் இடைவெளி சரிபார்த்தல், புது டைமிங் பெல்ட், 95 ஒக்டேன் பெற்றோல், சுத்தமான எஞ்சின் அறை, இவை போதும். நிமிடத்துக்குச் சுமார் 5500 சுழற்சியில் வீடெக் (வேகத்தில் வால்வுகளை அதிகம் திறக்கும் ஹொண்டாவின் அமைப்பு) பிடிக்கும்போது வரும் அந்தக் குரலுக்கு மேல் எந்தச் சைலன்சரும் ஒன்றும் சேர்த்துவிடப் போவதில்லை. கத்தும் சைலன்சரும் நிற விளக்கும் பொலிஸாரைத்தான் அழைக்கும். ஆண்டுதோறும் புகைப் பரிசோதனையும் இருக்கிறது.

இன்னொன்று. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் கார்களுக்கும் திறந்துவிட்டார்கள். ஆனாலும் இவ்வளவு பழைய கார்களுக்கு அனுமதி இல்லை. உங்கள் கார் போனால் அதுபோல் இன்னொன்று கப்பலில் வராது. அதனால் துருவை நீக்குவதற்கு அன்றி, தகட்டை வெட்டும், துளைக்கும் மாற்றம் எதையும் செய்யாதீர்கள். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, பெயர் எழுதி வையுங்கள். என் காரின் முதல் ஸ்டியரிங்கும் நான்கு ஸ்பிரிங்குகளும் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன.

இப்போது மழைக்காலம் என்றால் வர்ணத்தை விட்டுவிட்டு அடிப்பக்கத்தைச் சுரண்டத் தொடங்குங்கள். பின்சக்கர வளைவுகளைத் தட்டிப் பார்த்துவிட்டு என்ன சத்தம் வந்தது என்று எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.